சரியாகாத ஆபரேஷன்

"ஆபரேஷன் பண்ணியும் அப்பாவுக்குச் சரியாகல டாக்டர்" என்றாள் மகள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். மகளுக்குப் பின்னால் பெரியவர் முகத்தைக் காட்டாமல் கதவை ஒட்டி நின்றார். காலமெல்லாம் பிளம்பர் வேலை பார்த்தவர். இரண்டு மாதத்துக்கு முன்பு சிறுநீர் அடியோடு அடைத்து, அடிவயிறு கல்லாகி, துடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். புராஸ்டேட் வீங்கிப் பாதையை நெரித்திருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் போகிற வழியாகவே கருவியை விட்டு, அடைத்த சதையை டாக்டர்தான் சுரண்டி எடுத்தாள். செய்து முடித்ததும் அவளுக்கே மனசு நிறைந்த ஆபரேஷன் அது.

மறுநாள் வார்டில், "உங்க வேலையும் என் வேலையும் ஒண்ணுதாம்மா. என்ன, நான் பைப்பைக் கழட்டி அடைப்பெடுப்பேன், நீங்க கழட்டாமலே எடுத்துட்டீங்க" என்று சொல்லி நர்சுகளைச் சிரிக்க வைத்த மனுஷர். இன்று மகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறார்.

"என்ன பண்ணுது?"

"ராத்திரி மூணு நாலு தடவை எழுந்து பாத்ரூம் போறாராம். ஆபரேஷனுக்கு முன்னாடி எப்படியோ, அதே கதைதான். அம்மா போன்ல சொல்லிச் சொல்லி அழறாங்க. அதான் லீவு போட்டுட்டுக் கிளம்பி வந்தேன்."

"பகல்ல எப்படி ஐயா?"

"பகல்ல ஒண்ணும் இல்லம்மா."

"எரிச்சல், ரத்தம்?"

"அதெல்லாம் போயிடுச்சு."

"சாயந்திரத்துக்கு மேல டீ, காபி?"

"விட்டுட்டேன்."

"சர்க்கரை கூடப் பார்த்தாச்சு டாக்டர், சரியா இருக்கு" என்று மகள் முந்திக்கொண்டாள்.

டாக்டர் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். சதை எங்காவது மிச்சம் இருந்துவிட்டதா? தழும்பு விழுந்து பாதை மறுபடி சுருங்குகிறதா? அப்படியென்றால் இந்த வயதில் இவரை இன்னொரு தடவை மேஜையில் படுக்க வைக்க வேண்டும்.

"தண்ணி குடிச்சிட்டு, நல்லா முட்டிக்கிட்டு வந்ததும் சொல்லுங்க. வேகம் எப்படி இருக்குன்னு மெஷின்ல பார்த்துடலாம்."

மெஷினில் பார்த்தார்கள். கோடு தயங்காமல் ஏறி, அழகாக இறங்கியது. ஸ்கேனிலும் பார்த்தார்கள். சிறுநீர்ப்பை சுத்தமாகக் காலியாகியிருந்தது. பாதி வயசுக்காரனுக்குக்கூட இப்படி வந்தால் புண்ணியம்.

ரிப்போர்ட்டையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்த டாக்டர், மகளிடம் திரும்பினாள். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. அப்பாவை ஒரு தடவை பரிசோதிச்சுடறேன்."

கதவு சாத்தியதும் பெரியவர் பரிசோதனைக் கட்டிலை நோக்கி நகர்ந்தார்.

"படுக்க வேண்டாம், இப்படி உட்காருங்க. ஐயா, உங்க வண்டி நல்லா ஓடுதுன்னு மெஷின் சொல்லுது. ராத்திரி நிஜமாவே முட்டிக்கிட்டு வருதா?"

பெரியவர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இல்லம்மா. படுத்தா விடியறவரைக்கும் வர்றதில்ல. நீங்க செஞ்சது சுத்தமான வேலை. நான் குறை சொல்லவே மாட்டேன்."

"அப்புறம் பாத்ரூமுக்கு எதுக்குப் போறீங்க?"

"சும்மாதான். போய் லைட்டைப் போட்டுக் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டுட்டு வந்துடறேன்."

"தூக்கம் வரலையா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி வருது. அதனாலதான் போன்ல அலாரத்தைச் சத்தமில்லாம துடிக்கற மாதிரி வச்சு, பனியனுக்குள்ள போட்டுக்கிட்டுப் படுக்கறேன். அது துடிச்சதும் எழுந்துடுவேன்."

டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மனுஷருக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதோ என்றுகூட ஒரு கணம் ஓடியது. ஆனால் அந்தக் கண்கள் தெளிவாகத்தான் இருந்தன.

"நல்லா இருக்கு போங்க. உங்க வீட்டம்மா அங்கே அழுதுக்கிட்டிருக்காங்க, உங்க பொண்ணு வேலையை விட்டுட்டு ஓடி வந்திருக்கு. நான் இப்பவே கூப்பிட்டு, அப்பாவுக்குப் பூரண குணம்னு சொல்லிடறேன்" என்று மணியை அழுத்தப் போனாள்.

காய்த்துப்போன அந்தக் கை சட்டென்று நீண்டு மணியை மூடிக்கொண்டது.

"வேண்டாம்மா. ஆபரேஷன் முழுசா ஒத்து வரல, ராத்திரி எழுந்துக்கறது இனிமே இப்படித்தான் இருக்கும், ஆனா உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லன்னு சொல்லிடுங்க. உங்க பேருக்கு அது இழுக்குதான், தெரியாம இல்ல. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"என் வேலை சரியில்லைன்னு நானே சொல்லணுமா? யாருக்காக ஐயா இந்தப் பொய்?"

பெரியவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி இடுப்புக்குக் கீழ அசைவில்லாம படுக்கையில கிடக்கறாம்மா, ராத்திரியில மூணு நாலு தடவை புரட்டிப் படுக்க வைக்கலன்னா முதுகெல்லாம் புண்ணாயிடும். ‘ஒண்ணுக்குப் போக எழுந்தேன், அப்படியே உன்னையும் திருப்பி விடறேன்’னு சொல்லித்தான் இத்தனை நாளும் செய்யறேன், அவளுக்காகவே எழுந்துக்கறேன்னு தெரிஞ்சா, எவ்வளவு வலிச்சாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, ‘எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க தூங்குங்க’ன்னு சொல்லிடுவா."