இடுப்பு முப்பத்து நாலு

"எழுதிக்கோங்கம்மா, இடுப்பு முப்பத்து நாலு. கல்யாணத்துலேர்ந்து அதே அளவுதான்" என்றார் என் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் அளவு நாடா அறுந்துவிட்டதாம். காலையிலிருந்து நர்ஸ் வாயால் கேட்டேதான் எழுதிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

எடை எழுபது; உயரத்துக்குச் சரிதான் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அவர் கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும். வயிறு மட்டும் யாரையும் கேட்காமல் தனியாக வளர்ந்தது.

அது வளர்ந்த கணக்கு எனக்குத்தான் தெரியும். ஊருக்கே தைக்கும் தையல்காரி நான்; அவருக்கு பேண்ட் தைப்பவளும் நான்தான்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள், பொத்தான் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வாடிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மத்தியானமே பின்தையலைப் பிரித்து, ஓர் அங்குலம் விட்டுத் தைத்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அலமாரியில் வைத்தேன்.

பிறகு ஒவ்வொரு புதுத் துணியையும் கூட்டியே வெட்டினேன். அதே முப்பத்து நாலுதான் என்பேன். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

நர்ஸின் தலைக்கு மேல் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆண்களுக்கு இடுப்பு முப்பத்தைந்தரை அங்குலத்தைத் தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் இதயத்துக்கு ஆபத்தாம்.

இரண்டு தடவை படித்தேன்.

இவருடைய அண்ணன் நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழுந்திருக்கவில்லை. இவருக்கு அடுத்த மாதம் நாற்பத்தெட்டு. ஒரு மாதமாக மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குகிறார்.

முப்பத்து நாலு என்று எழுதினால் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நாப்பத்தொண்ணு, சிஸ்டர். நான்தான் தைக்கிறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நர்ஸ் அடித்து எழுதி, சீட்டில் சிவப்பு வட்டம் போட்டு, டாக்டர் அறைக்கு வெளியே உட்காரச் சொன்னாள்.

பெஞ்சில் அவர் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீ பிரிச்சு விட்டது மொத நாளே தெரியும். ஊர்ல எல்லாரையும் அளக்கறவ, பயப்படற மாதிரி இருந்தா சொல்லியிருப்பாளேன்னு இருந்துட்டேன்."