மெமரி டெஸ்ட்

"இன்னிக்காவது பொட்டி சரியாயிடுமா மாப்பிள்ளை? அவ முகத்தைப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

மாமியார் நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் மேஜைக்கு அருகிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

மெக்கானிக் தரையில் சம்மணம் போட்டு, கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். தெருமுனைக் கடைக்காரர். இவரையே கூப்பிடச் சொன்னதும் மாமியார்தான்.

மாமியாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். கைபேசியின் சின்னத் திரையில் உதடு பிடிபடாது. அதனால் வெளிநாட்டில் வேலை பார்த்த மகளோடு பேச்செல்லாம் இந்தப் பெரிய திரையில்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே தலை வாரிக்கொண்டு வந்துவிடுவார்.

மகள் இப்போது இல்லை. சாலை விபத்து. ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டுப் போய், மனைவியை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தான். மாமியாருக்கு அப்போதுதான் இதய ஆபரேஷன் முடிந்திருந்தது. அதிர்ச்சியான சேதி எதுவும் காதுக்குப் போகக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். காதுக்கு எங்கே போகப்போகிறது என்று அவன் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மனைவியின் கைபேசியில் அவனே மாமியாருக்குச் செய்தி அனுப்பினான். வேலை அதிகம் அம்மா, நன்றாக இருக்கிறேன். பதில் உடனே வரும். வேளைக்குச் சாப்பிடு, தூங்கு, தனியாக இருக்கிறோம் என்று நினைக்காதே. படித்துவிட்டு வைத்துவிடுவான்.

எழுத்தில் ஏமாற்றலாம். முகத்துக்கு எங்கே போவது? ஒருநாள் கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளேயிருந்த மெமரிப் பட்டையைப் பாதி பிடுங்கி விட்டான். அதோடு அது படுத்துவிட்டது.

ரிப்பேர் செய்யச் சொல்லி மாமியார் விடாமல் நச்சரித்தார். மெக்கானிக் வந்ததும் தனியாகப் பிடித்து, சரியாகாது என்று சொல்லச் சொல்லலாம் என்றுதான் வரச் சொன்னான். ஆனால் மாமியார் வாசலிலேயே காத்திருந்தார். இப்போது எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு மெல்லப் பேசினாலும் உதட்டிலிருந்து பிடுங்கிக்கொள்வார்.

மெக்கானிக் பட்டையை உருவினார். முனையை ரப்பரால் தேய்த்துத் துடைத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. எதற்கும் மெமரி டெஸ்ட் ஒன்று போட்டுவிடுவோம் என்றார். கறுப்புத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

"என் காதை டெஸ்ட் பண்ண டாக்டர் பாதியிலேயே எந்திரிச்சுப் போயிட்டாரு," என்றார் மாமியார். மெக்கானிக் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

ஒரு பிழையாவது சிவப்பாக வந்து விழாதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். விழவில்லை. டெஸ்ட் முடிந்தது. பிழைகள் பூஜ்யம். மாமியார் கண்ணாடியைப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். இனி மகளைக் கூப்பிடச் சொல்வார்.

மெக்கானிக் ஸ்விட்சை அணைத்தார். மாமியார் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மெமரி போச்சும்மா. இந்த மாடலுக்கு இனிமே கிடைக்காது."

மாமியார் பெருமூச்சு விட்டார். போகட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

அவன் மெக்கானிக்கை வாசல்வரை கொண்டுவந்து விட்டான். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"டெஸ்ட் பாஸாத்தானே ஆச்சு? நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லவே இல்லையே."

விடுங்க சார் என்று மெக்கானிக் நழுவப் பார்த்தார். அவன் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டான். மெக்கானிக் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னார்.

"நீங்க ஆபீஸ் போயிருந்தப்ப ஒருநாள் அம்மாவே என்னை வரச்சொல்லி இதைச் சரிபண்ணிக்கிட்டாங்க. திறந்தா, பொண்ணோட இன்டர்நெட் பக்கத்துல, கூட வேலை பாத்தவங்கள்லாம் அவங்களுக்கு இரங்கல் எழுதியிருந்தாங்க. எல்லாத்தையும் படிச்சு முடிச்சாங்க சார். அப்புறம் பட்டையைப் பழையபடி பிடுங்கி விடச் சொன்னாங்க. சந்தேகம் வராம இருக்க ரிப்பேர் பண்ணச் சொல்லி உங்களை நச்சரிப்பேன், நீ வந்து சரியாகாதுன்னு சொல்லிடணும்னாங்க. 'எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு மாப்பிள்ளைக்குத் தெரியவே கூடாது, என்னைக் காப்பாத்தணும்னுதான் அவர் உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு'ன்னாங்க."