ஒரே லோடு

பதினெட்டாயிரம் பெசோ என்று ரமீரோ சொன்னதும் எல்விரா அம்மாள் கோபப்படவில்லை. குடித்துக்கொண்டிருந்த மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவையை மேஜைமேல் வைத்துவிட்டு, மூன்றாவது மாடியிலிருந்து சாமான் இறக்கத்தான் கூப்பிட்டேன், கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு போகச் சொல்லவில்லை என்றாள்.

பிறகு தன் விலையைச் சொன்னாள். ஒன்பதாயிரம். நேர் பாதி.

மொண்டெவிதேயோ துறைமுகத்தை ஒட்டிய பழைய தெருக்களில் வீடு காலி செய்கிறவர்கள் பெரும்பாலும் ரமீரோவின் அப்பா வில்மாரின் லாரியைத்தான் கூப்பிடுவார்கள். பேரம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மனைவி போன பிறகு அந்த மனுஷன் சிரித்ததே பேரம் முடிந்து திரும்புகிற நாட்களில்தான். ரமீரோ போனாலோ டீசலுக்குக்கூடக் கட்டாத விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்து நிற்பான்.

அப்படிப்பட்டவர் இன்று காலையில் முட்டி வலிக்கிறது, நீயே போ என்று சொல்லிவிட்டார். இதை ஒழுங்காகப் பேசி முடித்தால் இனிமேல் விலை பேசுவதெல்லாம் உன் பொறுப்பு என்றும் சொன்னார். முப்பது வயதில் ரமீரோவுக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு அது.

அதனால் அவன் லேசில் விடுவதாக இல்லை. பியானோவைக் காட்டினான். இது இந்தப் படிக்கட்டில் திரும்பாது, பால்கனிக் கம்பியைக் கழற்றி, கயிறு கட்டித் தெருவில் இறக்க வேண்டும், அதற்கே கூடுதலாக ரெண்டு ஆள் தேவை என்றான். எல்விரா அம்மாள் அசரவில்லை. இதே பியானோவை ரெண்டே பேர் படி வழியாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்றாள்.

"அந்த ரெண்டு பேரு இப்ப எப்படி இருக்காங்க?"

"ஒருத்தனுக்கு இடுப்பு போச்சு," என்று ஒப்புக்கொண்டு, ஆயிரம் ஏற்றினாள்.

அடுத்து இறக்குகிற இடத்துக்கு வந்தான். அங்கேயும் மாடி என்றால் அதற்குத் தனிக் கூலி என்றான்.

"படியே கிடையாது தம்பி. உன் லாரி ரிவர்ஸ்லயே உள்ள வந்துடும்."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. போய்ப் பாத்தா கேட்டுல லாரி மாட்டிக்குது."

"உன் லாரி மாட்டாது. எனக்குத் தெரியும்."

அவள் சொன்ன தோரணையில் மேலே வாதாடத் தோன்றவில்லை. கொஞ்சம் இறங்கி வந்தான். அவள் குடுவையில் வெந்நீர் ஊற்றி அவனிடம் நீட்டினாள். உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, வீட்டில் யார் சமையல் என்று கேட்டாள். நான்தான், ஆனால் அப்பா தினமும் உப்பு பற்றிக் குறை சொல்வார் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி பேரம். அவன் பதினாலாயிரத்தில் நின்றான், அவள் பதினோராயிரத்தில் நின்றாள். இருவரும் அசையவில்லை.

கடைசியில் எல்விரா அம்மாள் எழுந்துபோய்ப் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே பெட்டிகள், சுருட்டிய திரைச்சீலைகள், ஒரு பழைய கண்ணாடி அலமாரி.

"இதை நான் கணக்குலயே சேக்கலை. எல்லாம் ஒரே தடவைல ஏறாது, இல்ல? ரெண்டு நடையா வந்து எடுத்துக்கோ. பதினாறாயிரம் தரேன்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். லாரி விஷயத்தில் இந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது?

அவன் அறையை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தான். அலமாரியை ஓரமாக நிறுத்தி, பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் அடைத்து, பியானோவைக் கடைசியில் ஏற்றினால் ஒரே நடையில் போய்விடும். திரைச்சீலைகளைச் சுற்றினால் கண்ணாடிக்கும் ஆபத்தில்லை. பார்த்த பிறகு வாய் பொய் சொல்ல மறுத்தது.

"ரெண்டு நடை எதுக்கும்மா? ஒரே லோடுல போயிடும். பன்னெண்டாயிரம் குடுங்க, போதும்."

சொல்லி முடித்ததும், கெடுத்துவிட்டோமே என்று இருந்தது. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? பதினாறைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டுக்கு இறங்கிய ஒரே ஆள் இந்த ஊரில் நீதான் என்பார். பதவி உயர்வு ஒரு பகலைக்கூடத் தாண்டவில்லை.

எல்விரா அம்மாள் அதற்குமேல் ஒரு பெசோகூடக் குறைக்கச் சொல்லவில்லை. அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினாள். பிடித்த கையை உடனே விடவும் இல்லை.

"இனிமே நான் நிம்மதியா வரலாம்," என்றாள்.

சனிக்கிழமை காலை என்று முடிவானது. ரமீரோ செல்போனை எடுத்து, சாமான் இறக்கவேண்டிய விலாசத்தைக் கேட்டான். அவள் தெருப் பெயரைச் சொன்னாள், அவன் தட்டினான். வீட்டு எண்ணைச் சொன்னாள். பாதியிலேயே அவன் விரல் நின்றுவிட்டது.

"அம்மா, இது எங்க வீடு."

எல்விரா அம்மாள் குடுவையில் மீண்டும் வெந்நீர் ஊற்றி, அவனிடம் நீட்டினாள்.

"ஆமா தம்பி. எங்க கல்யாண விஷயத்தை உங்கப்பா இன்னும் சொல்லலையா?"