மிஷினைக் கொஞ்சம் நகர்த்தணும்

"குட்டி, ஒரு கை கொடுத்துட்டுப் போம்மா! மிஷினைக் கொஞ்சம் நகர்த்தணும்."

கீழ்வீட்டுத் தையல்காரரின் குரல் படிக்கட்டில் ஏறி வந்ததும், அண்ணிக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது.

"நீ போகாதே" என்றாள்.

"பாவம் அண்ணி, கூப்பிடுறார்."

"முந்தாநாள் ஜன்னலோரம் போட்டே. நேத்து வாசல் பக்கம் போட்டே. இன்னிக்கு எங்கே போடணுமாம், கூரை மேலயா?"

குட்டி சிரித்துக்கொண்டே முடியை அள்ளிக் கட்டினாள்.

குட்டி என்பது வீட்டில் கூப்பிடும் பேர்தான். ஆள் நின்றால் கதவே அடைத்துப்போகும். அண்ணியின் நாத்தனார். பளு தூக்கி நாட்டுக்கே பேர் வாங்கிக் கொடுத்தவள்.

போன வருஷம் பளுதூக்கும் சங்கத்தில் கூப்பிட்டார்கள். "வயசாயிடுச்சும்மா, சின்னப் பிள்ளைங்களுக்கு வழி விடு" என்று கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். மெடல் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போனது. ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த போன் ஊமையாகிவிட்டது. ஒருநாள் படுத்தபடியே கேட்டாள்.

"இனிமே நான் யாரு அண்ணி?"

"எங்க குட்டி. வேற யாரு?"

"அது சரி. காலையில எழுந்து அந்தக் குட்டி என்ன பண்ணுவா?"

அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படிக் கிடந்தவளைத்தான் இந்தக் கட்டடத்து ஆட்கள் சுமைதூக்கி ஆக்கிவிட்டார்கள். இன்றைக்குத் தையல்காரரின் மிஷின் என்றால், நாளைக்கு மேல்மாடி அக்காவின் பீரோ. அந்த அக்காவுக்கு மலை மலையாய் மூன்று பையன்கள் வேறு!

குட்டிக்கு ஒரு பழக்கம். மேடையில் நடுவர் சொன்னால்தான் பளுவைக் கீழே போடலாம். அது இன்னும் அவளை விடவில்லை. மிஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பாள். யாராவது "இறக்கு!" என்று சொல்ல வேண்டும். இங்கே எல்லாரும் அதைக் கற்றுவைத்திருந்தார்கள். சொல்லிவிட்டுக் கையும் தட்டுவார்கள்.

வித்தை காட்டும் கரடிக்குத் தட்டுகிற மாதிரி இருந்தது அண்ணிக்கு.

"நீ இரு. இன்னிக்கு நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

விறுவிறுவென்று இறங்கினாள். தையல்காரரின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே யாரோ முக்கி முனகும் சத்தம்.

எட்டிப் பார்த்தாள்.

தையல்காரரும் அந்த மூன்று பையன்களும் ஆளுக்கொரு பக்கமாய் மிஷினைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், மெதுவா! என் கால்!"

"இது வாசல்கிட்டயே இருக்கட்டுமே அண்ணே. நல்லாத்தானே இருக்கு?"

"மூலைக்குத் தள்ளினாத்தானேடா வெளியே எடுத்துக் கொடுன்னு கேக்க முடியும்? சீக்கிரம், வந்துடப் போறா."

"நாளைக்கு நம்ம பீரோ. காலையிலயே நகர்த்தி வெச்சிடுங்கடா" என்றபடி திரும்பிய மேல்மாடி அக்கா, வாசலில் அண்ணியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா இதெல்லாம்?"

அக்கா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"சத்தம் போடாதே. எங்களுக்கு வேற என்ன தெரியும் சொல்லு? ஆறுதல் சொல்ல வந்தா சுவரைப் பாத்துத் திரும்பிக்கிறா. எங்களால முடியலம்மான்னு சொன்னா எழுந்து வர்றா."

தையல்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அவ ஒரு தடவை தூக்கறதுக்குள்ள நாங்க ரெண்டு தடவை தூக்க வேண்டியிருக்கு. என் இடுப்பே போச்சும்மா!"

கேட்க வந்த நாலு வார்த்தையையும் அங்கேயே விட்டுவிட்டாள் அண்ணி. திரும்பிப் படியேறினாள்.

குட்டி வாசலிலேயே நின்றிருந்தாள், மேடையில் பிடி வழுக்காமலிருக்க மாவு பூசிக்கொள்கிற மாதிரி வெறும் உள்ளங்கைகளைத் தேய்த்தபடி.

"சண்டை போட்டுட்டீங்களா அண்ணி?"

"இல்ல... மிஷின் மூலையில மாட்டிக்கிச்சாம். பாவம், அவரால முடியல. போய்ட்டு வா." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "வந்து, நம்ம கட்டிலையும் கொஞ்சம் நகர்த்தணும்."

குட்டி அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

"நீங்களுமா அண்ணி?"

"என்ன, நீங்களுமாங்கறே?"

"எனக்குத் தெரியும்னு கீழே சொல்லிடாதீங்க. மனசு கஷ்டப்படுவாங்க."

இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள்.

"மேடையில நான் தூக்கின இரும்பெல்லாம் சில்லுன்னுதான் இருக்கும் அண்ணி. இந்தத் தையல் மிஷின் மட்டும், எப்பப் போய்ப் பிடிச்சாலும் வெதுவெதுன்னு இருக்கு... நாலு பேர் இப்பத்தான் தூக்கி வெச்ச மாதிரி."