தங்கத் துகளும் இரண்டு நுண்ணோக்கிகளும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஓர் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் செல் ஒன்று தகட்டில் உறைந்து கிடந்தது. இரண்டு நுண்ணோக்கிகள் எடுக்கும் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அந்தச் செல்லைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

"உள்ளே பச்சையா மினுங்குது, தம்பி" என்றது ஒளி நுண்ணோக்கி.

"பச்சையாவது மஞ்சளாவது! வெறும் சுவரும் அறையும்தான் இருக்கு, அண்ணே" என்றது எக்ஸ்ரே நுண்ணோக்கி.

"ரெண்டுமே நான்தானய்யா!" என்று செல் கதறியது. யார் கேட்டார்கள்?

செல்லைச் சுற்றி நாலு தங்கத் துகள்கள் ஒட்டியிருந்தன. "அட, தங்கம்!" என்று இரண்டு நுண்ணோக்கிகளும் ஒரே குரலில் கத்தின. ஒரு படத்தின் தங்கத்தின்மேல் மற்றதன் தங்கத்தை வைத்ததும் படங்கள் கச்சிதமாகப் பொருந்தின. செல் பிழைத்தது.

"தங்கம் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு, பார்த்தீங்களா அண்ணே?"

"ஆமாம் தம்பி, நடுவிலேதான் ஏதோ ஒரு செல் மறைக்குது."

நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த எக்ஸ்ரே என் வயிற்றுக்குள்ளே இருக்கும் பொய்யையும் பார்த்துவிடும்.