அப்பாவின் கிருமி

"கண்ட கடையிலயும் தின்னுட்டு வந்து, என் பொண்ணு வயித்துல கிருமியை விட்டாரே இந்த மனுஷன்!"

அம்மா பரிமாறிக்கொண்டே திட்டினாள். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிட்டார். இரண்டு மாதமாக இதே பாட்டுதான்.

மகளுக்கோ கால் தரையில் பாவவில்லை. எட்டில் கிடந்த ரத்த அளவு பன்னிரண்டைத் தொட்டுவிட்டது. அந்தத் தாளைக் காட்டினால் நாளைக்கே கைப்பந்து அணியில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகக் கோச் சொல்லியிருந்தார்.

வெல்டிங் பட்டறைக்காரர் மகளுக்கு இரும்புச்சத்து இல்லையாம் என்று தெருவே சிரித்திருந்தது. இரண்டு வருடம் டானிக்கும் மாத்திரையுமாக விழுங்கினாள், ஒன்றும் ஏறவில்லை. மாடிப்படி ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

கடைசியில்தான் வயிற்றைச் சோதித்தார்கள். பலர் வயிற்றில் சத்தமில்லாமல் குடியிருக்கிற கிருமிதான். ஆனால் இவளிடம் இருப்பது மரபணு கொஞ்சம் மாறிய வகை, இரும்பைக் கண்டால் விடாது போலிருக்கிறது என்றார் டாக்டர். வளர்கிற வயதில் அதோடு பங்கு போட்டால் உடம்புக்கு என்ன மிஞ்சும்?

"உள்ள ஒருத்தன் பழைய இரும்புக் கடை போட்டிருக்கான்" என்று அப்பா சொன்னதும், அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

யாரிடமிருந்து தொற்றியது என்று பார்க்க வீட்டில் மூன்று பேரையும் சோதித்தார்கள். முடிவை வாங்கி வந்தவர் அப்பா. என்னிடமிருந்துதான் உங்கள் இரண்டு பேருக்கும் வந்ததாம் என்று ஒப்புக்கொண்டவரும் அவர்தான். மூவருக்கும் பதினான்கு நாள் மாத்திரை. அப்பாவுக்கு மட்டும் தனித் தட்டு, தனி டம்ளர்.

மகள் ஃபைலிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாளை உருவினாள். கூடவே இன்னொரு தாளும் வந்தது.

'தாய், மகள் இருவரிடமும் ஒரே மரபணு மாற்றமுள்ள கிருமி. தந்தையிடம் கிருமி இல்லை.'

இரண்டு முறை படித்தாள்.

சூடு பார்க்கிறேன் என்று ஒவ்வொரு கரண்டியையும் தன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மா அவளுக்கு ஊட்டுவாள். பல் முளைக்காத நாளிலிருந்தே அப்படித்தான். இது தெரிந்தால் அவ்வளவுதான், இடிந்துபோவாள். தான் கூப்பிட்டதால்தான் மகள் திரும்பிப் பார்த்து சைக்கிளிலிருந்து விழுந்தாள் என்று இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தவள் அவள்.

அப்படியானால் அந்தப் பதினான்கு நாளும் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு அப்பா விழுங்கியது என்ன?

மகள் அவரைப் பார்த்தாள். அவர் அம்மாவுக்குத் தெரியாமல் சட்டைப் பையை லேசாக விரித்துக் காட்டினார். உள்ளே புதினா மிட்டாய்.

"அதுல என்னடி போட்டிருக்கு? சத்தமாத்தான் படியேன்" என்றாள் அம்மா.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

மகளுக்கு அவர்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"தந்தை, மகள் இருவரிடமும் ஒரே கிருமி."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். திட்டிக்கொண்டே போய், அப்பாவின் தனித் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி அள்ளி வைத்தாள்.