மீசையும் மூன்று செர்ரியும்

"தாத்தா மட்டும் ஏம்மா செர்ரிய கடிக்காமலே முழுங்குறாரு?"

மகள் போன வாரம் இப்படிக் கேட்டபோது, "பஸ் ஓட்டினவர் இல்லையா, எல்லாத்துலயும் அவசரம்" என்று சொல்லி அவளைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டாள் அந்த வீட்டு மருமகள். செர்ரி என்று வாயெடுத்தாலே அங்கே சண்டை வந்துவிடும்.

எல்லாம் மாமனாரின் சிறுநீரகத்தால் வந்த வினை. பாதிக்கு மேல் பழுதாகிவிட்டது, மாத்திரையை விடாமல் போடாவிட்டால் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மாடி வீட்டுக்காரரோ, "தினமும் செர்ரி தின்னு பாருங்க, கிட்னி கழுவிவிட்ட மாதிரி ஆயிடும்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

மாமனாருக்கு எது இனித்தது என்று சொல்லவும் வேண்டுமா? மகன் கண்ணெதிரே மாத்திரை அட்டைகளைக் குப்பைக் கூடையில் வீசினார். "இனிமே ஒரு மாத்திரைய கையால தொட்டேன்னா இந்த மீசைய எடுத்துடறேன்டா!"

மகன் கெஞ்சினான், கத்தினான், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தான். மீசை அசையவில்லை. கடைசியில் அவன் கோபமெல்லாம் மனைவி பக்கம் திரும்பியது.

"அவர்தான் பிடிவாதம் பிடிக்கிறார், நீயுமா ஒத்து ஊதுற? செர்ரி வாங்கி, கழுவி, கொட்டைய வேற எடுத்துக் குடுக்குற! ஏன், மென்னும் குடுத்துடேன்!"

"மூணே மூணுதாங்க. மூணு தின்னா தப்பில்லன்னு டாக்டரே சொல்லிட்டார்."

"ஓ, டாக்டரையும் உங்க கட்சியில சேர்த்தாச்சா? சுவத்துல போய் முட்டிக்கலாம் போல இருக்கு எனக்கு."

அவள் அடுத்த செர்ரியைக் கையில் எடுத்தாள். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் அவளுக்கு வேலை. அங்கே பயன்படுத்தும் மெல்லிய இடுக்கியால், காம்பு இருந்த துளை வழியே, பழம் சிதையாமல் கொட்டையை வெளியே எடுத்தாள்.

காலையில் மாமனார் தட்டோடு கூடத்தில் உட்காருவார். ஒரு செர்ரி, ஒரு மடக்குத் தண்ணீர், அண்ணாந்து ஒரு விழுங்கு. மூன்றும் உள்ளே போனதும் மீசையைத் துடைத்துக்கொண்டு, "இதுதான்டா மருந்து!" என்பார், மகன் காதில் விழும்படி.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பழுது மேலே பரவாமல் நின்றிருந்தது. மாமனார் மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"பார்த்தியாடா? உன் டாக்டரால ஆகாதத செர்ரி செஞ்சு காட்டிடுச்சு."

"ஆமாப்பா. படிச்சவன் எல்லாம் முட்டாள். மாடி வீட்டுக்காரர்தான் மேதாவி!" மகன் சாப்பிடாமலே எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மூடிய கதவைப் பார்த்தபடி நின்றாள் மருமகள். கொட்டை இருந்த இடத்தில் மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுத்தான் வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணவனின் கோபம் ஓடிவிடும். ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது. விஷயம் வெளியே வந்தால் மாமனார் செர்ரியையும் சேர்த்துத் துப்பிவிடுவார்.

அதோடு, அவளுக்கு ஒரு பழைய கடனும் இருந்தது. கல்யாணமான புதிதில் விருந்தாளிகளுக்குச் செய்த கறியில் இரண்டு தடவை உப்பைக் கொட்டிவிட்டாள். முதலில் வாயில் வைத்த மாமனார் முகம் சுளிக்கவே இல்லை. அத்தனையையும் தானே தின்று முடித்து, "ருசியில மறந்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று விருந்தாளிகள் முன்னால் தன் மானத்தைக் கப்பலேற்றிக்கொண்டார்.

தன்னை விட்டுக்கொடுக்காத மனிதரின் மீசையை அவள் மட்டும் எப்படி விட்டுக்கொடுப்பாள்? கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று திட்டை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை கணவனின் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. "என் சட்டை எங்க? வண்டிச் சாவி எங்க? செர்ரிக்கு மட்டும் நேரம் இருக்கு!" என்று ஒரே கூப்பாடு. நடுவில் மகளின் ஒற்றைக் காலணி வேறு காணாமல் போயிருந்தது.

எல்லாவற்றையும் தேடிக் கொடுத்துவிட்டு, மாமனாரிடம் தட்டை நீட்டிவிட்டு, சமையலறைக்குத் திரும்பியவள் திடுக்கிட்டாள். காய் நறுக்கும் பலகையின் ஓரத்தில் ஒரு வெள்ளை மாத்திரை அப்படியே கிடந்தது.

ஓடினாள். மாமனார் இரண்டை விழுங்கிவிட்டு மூன்றாவதை விரல்களுக்கு நடுவே வைத்திருந்தார். பக்கத்திலேயே கணவன் குனிந்து மகளுக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, அது... அது கொஞ்சம் அழுகினாப்பல இருந்துச்சு. குடுங்க, வேற தரேன்."

"என் செர்ரில யாரும் கை வைக்க வேணாம்!" என்று அதட்டினார் அவர்.

"நல்லா வேணும் உனக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, கணவன் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

அவள் பலகை முன்னால் வந்து நின்றாள். இந்த மாத்திரையை இனி எதில் வைத்து, என்ன சொல்லிக் கொடுப்பது? எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

வாசலில் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. கையில் தண்ணீர் டம்ளருடன் மாமனார் சமையலறைக்குள் வந்தார். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை விரித்து, கடிபடாத செர்ரியைப் பலகையில், மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது காலியா இருக்கும்மா."